தோட்ட பங்களாவின் தரைக்குக் கீழே: பழைய வீட்டுக்குள் அகழாய்வு செய்யும் முறை

தரை இறங்கிவிட்டது என்று கூப்பிடுவார்கள். சுவரில் ஓதம் ஏறுகிறது என்பார்கள். கழிவுநீர்க் குழாய் மாற்ற வேண்டும், அதற்கு முன் ஒருமுறை வந்து பாருங்கள் என்பார்கள். பழைய வீட்டுக்குள் நடக்கும் அகழாய்வு பெரும்பாலும் இப்படிப் பழுதுபார்க்கும் வேலையில்தான் தொடங்கும். புதையல் இருக்கிறது, வந்து தோண்டுங்கள் என்று கூப்பிடுகிறவர் வீட்டுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் மாளிகையிலும் நடந்தது இதுதான். கட்டடத்தைப் பலப்படுத்தும் வேலைக்காக நிலவறையைத் தோண்டினார்கள். 2024இல் அங்கே 5 குழிகளிலிருந்து 35 கண்ணாடிக் குடுவைகள் வந்தன. அவற்றில் 29 குடுவைகள் உடையாமல் இருந்தன, உள்ளே 18ஆம் நூற்றாண்டின் செர்ரியும் வேறு சிறு பழங்களும். பழுது பார்க்கிற அவசரத்தில் கடப்பாரையைப் போட்டிருந்தால் கிடைத்திருப்பது கண்ணாடிச் சில்லுதான்.

நம் ஊரில் இதற்கு இணையானவை தோட்ட பங்களாக்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1758-59இல் மறுபடி வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார்கள். ஐதர் அலியின் படைகள் இரண்டு முறை வாசல்வரை வந்தன. அந்தப் பயம் தெளிந்த பிறகு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் கோட்டையின் நெருக்கத்தை விட்டு சவுல்ட்ரி சமவெளியில் ஏக்கர் கணக்கில் இடம் வளைத்து வீடு கட்டினார்கள். இன்றைய நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்குப் பக்கமெல்லாம் அதில் அடக்கம். மகளிர் கிறித்துவக் கல்லூரிக்குள் இருக்கும் டவ்டன் மாளிகை, அடையாற்றங்கரையில் இசைக்கல்லூரி நடக்கும் பிராடி கோட்டை, 1882இல் பிரம்மஞான சபை வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் ஆகியவை அந்த வரிசையில் மிஞ்சியவை. அவர்கள் வளைத்த இடங்களும் வெறும் பொட்டல் அல்ல. ‘பாக்கம்’ என்று முடியும் ஊர்ப்பெயர்களே போதும், அங்கே ஏற்கெனவே குடியிருப்பு இருந்தது என்று சொல்ல.

எனக்கு இதில் முப்பது வருடப் பழக்கம், பெரும்பாலும் வரைபடம் போடுகிறவனாக. கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு வீட்டின் ஒரே அறையில் நடந்த வேலையை நினைவில் வைத்துக்கொண்டு, வரிசைப்படி சொல்கிறேன்.

முதலில் காகிதம்

உங்கள் வீடு, உங்கள் பட்டா, ஆனாலும் தொல்பொருள் தேடி நீங்களாகத் தோண்ட முடியாது. அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி மாநில அரசே தோண்டுவதானாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். அனுமதி தனி ஆளுக்குக் கிடைக்காது. ஆகவே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையையோ, சென்னைப் பல்கலைக்கழகம் போலத் தொல்லியல் துறை உள்ள ஒரு நிறுவனத்தையோ அணுகி, அவர்கள் பெயரில் வேலையை நடத்த வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் ஒன்று 100 மீட்டருக்குள் இருந்தால் கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர்வரை கட்டுப்பாடு உண்டு. பழுதுபார்க்கும் வேலையாக இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு சட்டத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அன்றைய பத்து ரூபாய். சட்டத்தில் அது இன்றுவரை அப்படியே நிற்கிறது. மறைத்தால் கண்டெடுத்தவருக்கு ஓராண்டுவரை சிறை உண்டு. வேலை தொடங்கும் நாளிலேயே மேஸ்திரி முதல் சித்தாள் வரை எல்லோரையும் உட்காரவைத்து இதைத் தமிழில் சொல்லிவிடுங்கள். தெரியாமல் மடியில் முடிந்துகொண்டு போகிற ஒரு காசு, ஒரு குடும்பத்தையே காவல் நிலையத்தில் நிறுத்திவிடும்.

சுவரைப் படித்துவிட்டு மண்ணுக்குப் போங்கள்

தாய்ப்பத்திரம், நகர அளவைப் பதிவேடு, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் பழைய வரைபடங்கள் என எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கட்டடத்தின் உருவம் எந்த வரைபடத்தில் முதன்முதலில் வருகிறது, எப்போது வால் மாதிரி கூடுதல் கட்டடம் முளைக்கிறது, சமையல்கட்டு எங்கே தனியாக நின்றது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தோட்ட பங்களாக்களில் சமையல்கட்டும் வேலையாட்கள் குடியிருப்பும் வீட்டை விட்டு ஒதுங்கியே இருக்கும். குப்பைக் குழியும் அந்தப் பக்கம்தான். உண்மையில் நிறையப் பொருள் கிடைக்கும் இடம் அதுவே. ஆனால் அகழாய்வுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் வரவேற்பறையைத்தான் தோண்டச் சொல்கிறார்கள்.

பிறகு வீட்டைச் சுற்றி இரண்டு நாள் சும்மா நடங்கள். இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் செங்கல் வரிசை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கிறதா, அல்லது நேர்கோடாக வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேர்கோடு இருந்தால் பின்னால் ஒட்டிய சுவர். மேலே மர உத்திரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையா, தேக்கு உத்திரம் எத்தனை அங்குலம், எங்கே இரும்பு வந்துவிட்டது? மங்களூர் ஓடு கண்ணில் பட்டால் கவனம் தேவை. பாசல் மிஷன் ஓடுகளில் 1865 என்று அச்சு இருக்கும். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த ஓடு அதற்கு அறுபது வருடம் கழித்துச் சுட்டதாகவும் இருக்கலாம். “இந்த வீடு 1865ஆம் ஆண்டு கட்டியது” என்று ஓட்டைக் காட்டிச் சொல்கிற வீட்டுக்காரர்களை நான்கைந்து பேர் பார்த்திருக்கிறேன். மறுத்தால் வருத்தப்படுவார்கள், ஆனாலும் மறுத்துத்தான் ஆக வேண்டும்.

கட்டடப் பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள். வெடிப்புகளின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி விரிசல் விடும். எளிய முறைதான், ஆனால் தினமும் காலையில் முதல் வேலையாக அதைப் பார்க்க வேண்டும்.

எந்த மாதம் தோண்டுவது

சென்னையில் பொங்கலுக்கும் அக்கினி நட்சத்திரத்துக்கும் நடுவே. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் மணல். பக்கச்சுவர் சொல்லாமல் சரியும். மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கம் பழைய ஏரிப்படுகையின் களிமண் உண்டு; ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் ஆங்கிலத் தொல்லியலாளர் வீலர் நீர்மட்டத்துக்குக் கீழே இறைத்துக்கொண்டே தோண்டினார். அது ஆற்றங்கரைத் திறந்தவெளி. குடியிருக்கும் வீட்டுக்கு அடியில் தண்ணீரை இறைத்தால் மண்ணின் நுண்துகளும் சேர்ந்து வந்து அஸ்திவாரம் உட்காரும். குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கினால் அளந்து, வரைந்து, நிறுத்திவிடுங்கள்.

தரையைக் கழற்றுவது

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பாழாகிறது. திறந்தவெளியில் மேல்மண்ணை வாரிக் கொட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். வீட்டுக்குள் மேல்மண் என்று ஒன்று கிடையாது. காலில் மிதிபடும் தரையே முதல் அடுக்கு. அதுவும் ஒரு தரை அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து இருக்கும்.

முதலில் அறைக்கு வெளியே, இடிபடாத ஓரிடத்தில், நிலைமட்டப் புள்ளி ஒன்றைக் குறியுங்கள். இனி எல்லா ஆழமும் அதிலிருந்துதான். ஆழத்தைத் தரையிலிருந்து அளந்தால், தரையைப் பெயர்த்த மறுநாள் உங்கள் அளவு முழுவதும் அந்தரத்தில் தொங்கும். அறையை ஒரு மீட்டர் கட்டங்களாக நூல் கட்டிப் பிரியுங்கள். நவீன கருவி இல்லாவிட்டாலும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் மட்டக்குழாயும் போதும். கொத்தனார் கையில் மட்டக்குழாய் ஒரு மில்லிமீட்டர் பிசகாது.

கடப்பா கல்லோ சுட்ட ஓடோ, ஒவ்வொன்றுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, படம் எடுத்து, வரைபடத்தில் அதே எண்ணைக் குறித்து, ஓரத்திலிருந்து நெம்பி எடுங்கள். திரும்ப அதே இடத்தில் போட வேண்டியவை அவை. சுண்ணாம்புத் தரையைப் பெயர்த்தால் திரும்பப் போட முடியாது. பழவேற்காட்டுச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்து, கருப்பட்டி நீரும் கடுக்காய் நீரும் சேர்த்துப் போட்டு, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய தரை. ஆகையால் ஏற்கெனவே உடைந்த இடத்தையோ, குழாய் பதித்த தடத்தையோ தேர்ந்தெடுங்கள். நல்ல தரையை விட்டுவைப்பதும் அகழாய்வில் ஒரு முடிவுதான்.

கீழ்ப்பாக்கம் அறையில் குழாய்த் தடத்தின் ஓரத்தைச் செதுக்கிப் பார்த்தோம். மேலே சிவப்புக் காவித் தரை, இரண்டு சென்டிமீட்டர். அதன் கீழே சாம்பல் நிறத்தில் சிமெண்ட். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் தொடக்க முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையில் நடந்தது. இறக்குமதிச் சரக்கு அதற்கு முன்பும் உண்டு என்றாலும், வீட்டுத் தரையில் சிமெண்ட் என்றால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. அதற்கும் கீழே, நகத்தால் தேய்த்தால் இன்னும் மின்னுகிற வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. பிறகு ஒரு சாண் கனத்துக்குச் செங்கல் ஜல்லி. அதன் கீழே கடல் மணல் நிரப்பு. சிறு சிறு சங்குகள் அதில் அப்படியே கிடந்தன.

இதற்கு முன்பு ஒரு வீட்டில், நாங்கள் போவதற்கு முதல் நாள், ஒப்பந்தக்காரர் உதவி செய்வதாக நினைத்து இந்த அத்தனையையும் இயந்திரத்தால் உடைத்து மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார். “உங்களுக்கு வேலை மிச்சம் சார்” என்றார். ஆறு மாத வேலை உண்மையிலேயே மிச்சமாயிற்று. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

தோண்டுவது

சிறு கரணை, தூரிகை, மூங்கில் குச்சி, பாண்டு, சல்லடை. கடப்பாரை வெளியே இருக்கட்டும். மண்ணின் நிறம், பிசுபிசுப்பு, கலந்திருக்கும் பொருள் மூன்றில் ஒன்று மாறினாலும் அது வேறு அடுக்கு, வேறு எண். பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை என்று அளவு வைத்துத் தோண்டுவதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். தரைகள் மட்டமாக இருந்தாலும் அவற்றை வெட்டிப்போன குழிகள் மட்டமாக இருக்காது. கடைசியில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த அடுக்கு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, எது எதன் மேலே, எது எதை வெட்டியது என்று அன்றன்றே கோடு போட்டுவிடுங்கள். நாளைக்கு நினைவிருக்காது.

எடுத்த மண் முழுவதும் சல்லடைக்குப் போக வேண்டும். பாசிமணி, மீன் முள், குண்டூசி எல்லாம் கரணைக்கு அகப்படாது. காலத்தைக் கணிக்க உதவும் கரித்துண்டைக் கையால் தொடாமல் கரணை நுனியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். ஒவ்வொரு பைக்கும் இரண்டு சீட்டு, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளிச்சீட்டைக் கரையான் தின்னும்.

மூடியோடு ஒரு குடுவை கிடைத்தால் திறந்து மோந்து பார்க்கும் ஆசை வரும். திறக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே, மண் ஒட்டியபடி, நிழலில், ஈரம் காயாமல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

கடைக்கால் குழி

ஒரு வீட்டின் வயதை அறிய ஒரே ஓர் இடம்தான் பார்க்கலாம் என்றால், சுவரும் மண்ணும் சந்திக்கும் இடத்தைப் பார்ப்பேன். சுவர் எழுப்ப முதலில் குழி வெட்டுவார்கள், செங்கல் வைப்பார்கள், பிறகு இடைவெளியில் மண் தள்ளுவார்கள். அந்தக் கடைக்கால் குழி எந்த அடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்குகிறதோ அவை வீட்டுக்கு மூத்தவை. எந்த அடுக்கு சுவரின்மேல் வந்து சாய்ந்து உதடு மாதிரி ஏறுகிறதோ அது வீட்டுக்கு இளையது. குழிக்குள் தள்ளிய மண்ணில் கிடக்கும் பொருள், வீடு எந்தக் காலத்துக்கு முந்தியதல்ல என்பதைச் சொல்லும். அங்கே 1803ஆம் ஆண்டு பொறித்த கம்பெனிச் செப்புக் காசு கிடைத்தால் வீடு 1803க்கு முந்தியது அல்ல. எவ்வளவு பிந்தியது என்பதை அந்தக் காசு சொல்லாது. காசு கைமாறிக் கைமாறி எத்தனையோ ஆண்டு புழங்கியிருக்கலாம்.

இதுவே ஆபத்தான இடமும். சுவரை ஒட்டி அறுபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு கீற்று போதும். அஸ்திவாரத்தின் அடிமட்டம் கண்ணில் பட்டதும் நிறுத்துங்கள், அதற்குக் கீழே ஒரு விரல்கூடப் போகாதீர்கள். பார்த்து, வரைந்து, அதே வாரத்தில் மூடுங்கள். மற்றக் குழிகள் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஆழம் கூடக்கூட இன்னும் தள்ள வேண்டும். நின்றால் இடுப்புக்கு மேல் வரும் குழிக்குப் பலகை முட்டு இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

ஒரு கோலிக்குண்டின் கதை

அந்த அறையில் மூன்றாவது வாரம், சுண்ணாம்புத் தரைக்குக் கீழே மணல் நிரப்பில், பச்சைக் கண்ணாடிக் கோலி ஒன்று வந்தது. கோலி சோடாக் குண்டு. ஹைராம் காட் என்பவர் அந்தக் குப்பிக்குக் காப்புரிமை வாங்கியது 1872இல். அப்படியானால் அதற்கு மேலே இருக்கும் தரை 1872க்குப் பிந்தியதா? தரை 1800ஐ ஒட்டியது என்று பூச்சை வைத்து நாங்கள் எழுதியிருந்தோம். மாணவர்கள் அடித்துத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள்.

மேஸ்திரிதான் குனிந்து பார்த்தார். கோலி கிடந்த இடத்து மணலை விரலால் தள்ளினார். மற்ற இடத்தில் கெட்டியாக இருந்த மணல் அங்கே மாவு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. நிறமும் ஒரு சாயை கறுப்பு. “ஐயா, இது பெருச்சாளி வளை” என்றார். தூரிகையால் பின்தொடர்ந்தோம். முழங்கை அளவு வளை, சுவர் ஓரமாகப் போய், வெளியே பழைய சாக்கடை இருந்த பக்கம் திறந்தது. உள்ளே ஒரு எலும்புத் துண்டு, துணிக் கந்தல், ஒரு மாங்கொட்டை. கோலி சொன்னது பெருச்சாளியின் காலத்தை. தரையின் காலம் அது அல்ல. அடித்ததை மறுபடி அடித்து எழுதினோம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்பர்க் மாளிகையில் 2020இல் மரத்தரைப் பலகைகளுக்கு அடியில் பழைய எலிக்கூடுகள் கிடைத்தன. நானூறு வருடத்துக்கு முந்திய துணிகளை எலிகள் அவற்றில் சேர்த்துக் காத்துவைத்திருந்தன. அங்கே எலி காப்பாளர், இங்கே எங்களைக் குழப்பிவிட்டது. சென்னை மணலில் ஒவ்வொரு ‘வியப்பான’ பொருளுக்கும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: வளையா, வேரா, பழைய குழாய்த் தடமா?

கன்னி மண் எது

மனிதக் கை படாத மண்ணைத் தொட்டதும் அகழாய்வு முடிந்தது என்பார்கள். சென்னையில் இந்த முடிவுக்கு அவசரப்படாதீர்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், செம்பூரான் சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில்தான் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் புட் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்தார். வெறும் சரளை என்று எவரும் தாண்டிப் போகும் மண் அது. மாம்பலத்திலோ வெள்ளி முத்திரைக் காசுகளோடு ரோமப் பேரரசன் அகஸ்டஸின் காசு ஒன்று சேர்ந்து கிடைத்தது. நிரப்பு மணலுக்குக் கீழே பழங்காலத்துக் கருப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்று தலைகாட்டினால் பங்களாவின் கதை முடிந்து வேறு கதை தொடங்குகிறது. உங்கள் அனுமதி அதற்கும் சேர்த்துத்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் துறைக்குத் தகவல் சொல்லிக் காத்திருங்கள். கன்னி மண் என்று தோன்றிய பிறகும் குழியின் ஒரு மூலையில் மட்டும் இன்னும் அரை மீட்டர் இறங்கிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

மூடுவது

நான்கு பக்க வெட்டுமுகங்களையும் ஒன்றுக்கு இருபது அளவில் வரைந்து, அளவுகோலும் வடக்கு அம்புக்குறியும் வைத்துப் படம் எடுத்த பிறகே மூடுங்கள். அடியில் நீர் ஊடுருவும் துணி விரித்து, அதன்மேல் சலித்த மணல். துணி எதற்கென்றால், ஐம்பது வருடம் கழித்து யாராவது தோண்டினால் நாங்கள் எதுவரை போனோம் என்பது தெரிய வேண்டும். வேலை நடக்கும் ஆண்டில் அச்சிட்ட காசு ஒன்றை அடியில் போடுவதும் உண்டு. எங்கள் அறையில் ஒரு ரூபாயைப் போட்டார் வீட்டுக்கார அம்மா. போடுவதற்கு முன் மஞ்சள் தடவினார். தடுக்கவில்லை, பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொண்டோம்.

மணலை அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு கட்டையால் இடியுங்கள். மேலே சிமெண்ட் வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி, வழி தேடும் ஓதத்தைச் சுவரில் ஏற்றிவிடும். பழைய வீடுகளில் பூச்சு உதிர்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, பிறகு எண் போட்ட கற்கள் அதே வரிசையில். கோலிக்குண்டு உட்பட எல்லாப் பொருள்களும் பட்டியலோடு அனுமதி பெற்ற நிறுவனத்துக்குப் போய்விடும்; வீட்டுக்காரருக்கு ஒரு நகல். அறிக்கையை ஓராண்டுக்குள் எழுதிவிடுங்கள், அதற்குமேல் தள்ளிப்போட்டவை எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

சுண்ணாம்புத் தரையின்மேல் மூன்று வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுவரை அறைக்குள் பீரோவை இழுத்துக்கொண்டு வர விடாதீர்கள்.